முதுகைத் திருப்பி வாங்கிய டிரம்பெட்

என் தம்பிக்குக் கண்ணை நம்பிப் பழக்கமில்லை. அவனுக்கு எல்லாமே காதுதான். தர்பூசணி வாங்கப் போனால்கூட ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிக் கேட்டு, கடைக்காரனின் பொறுமையைச் சோதித்துவிட்டு, கடைசியில் உள்ளே வெளுத்துப்போன ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவான். "சத்தம் நல்லா இருந்துச்சுக்கா" என்பான். சத்தத்தை அறுத்துத் தின்ன முடியுமா?

வீட்டில் அவனுக்கு ஊதல் என்று பெயர். நான் வைத்ததுதான். சின்ன வயதில் பேனா மூடி, தண்ணீர்க் குழாய், சுருட்டி வைத்த காலண்டர் என்று துளை உள்ள எதையும் அவன் விட்டுவைத்ததில்லை. வளர்ந்ததும் கையில் டிரம்பெட் வந்தது. நகராட்சி இசைக்குழுவில் பல வருடம் வாசித்தான். அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கருவி வாங்க வேண்டுமென்றால் எல்லோரும் கடையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார்கள். பழம்பெரும் ஆள் ஒருவர் மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார். எது புதுசு, எது பழசு, எது வெள்ளிப் பூச்சு என்று நிற்பவர்களுக்குத் தெரியாது. பிடித்த சத்தம் வந்ததும் கையைத் தூக்க வேண்டும். இதை அவன் சொல்லும்போதெல்லாம், நானும் பஸ்ஸை இப்படித்தான் ஓட்டட்டுமா என்று கேட்பேன். நான் நகர பஸ் ஓட்டுகிறவள். தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் பின்னால் நடப்பதைப் பார்க்காமல் ஒரு நிறுத்தம்கூடத் தாண்டியதில்லை.

பிறகு அவனுக்குத் தாடையில் ஒரு ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழுதட்டின் ஒரு பக்கம் மரத்துப் போனது மட்டும் மரத்துப் போனதுதான். காற்று அந்தப் பக்கமாக ஒழுகியது. டிரம்பெட்டை விற்றுவிட்டு, தரைக்குப் போடுகிற டைல்ஸ் கிடங்கு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கேயும் டைல்ஸை விரலால் தட்டிக் கேட்டு விரிசல் கண்டுபிடிக்கிற வேலைதான். வீட்டில் பேச்சே நின்றுபோனது. அவன் மனைவி கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு மகளை அழைத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். சுவரோடு எத்தனை நாள்தான் குடித்தனம் நடத்துவது?

மகளை நாங்கள் சுண்டு என்று கூப்பிடுவோம். சனிக்கிழமை சனிக்கிழமை அப்பாவைப் பார்க்க வருவாள். எனக்கும் அன்றுதான் விடுமுறை என்பதால் நானே போய் அழைத்து வருவேன். சைக்கிள் கடைக்கு மேலே அவனுக்கு ஒரே ஒரு அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி. மூன்றாவது ஆளாக நான் கட்டிலில் உட்கார வேண்டும். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்பா." "படிக்கிறியா?" "படிக்கிறேன்பா." அதோடு பேச்சுக் கடையை மூடிவிடுவார்கள். மிச்சப் பொழுது முழுவதும் நான்தான் தொண்டை வறளப் பேச வேண்டும்.

ஒரு சனிக்கிழமை சுண்டு பென்சில் சீவுகிற கட்டர் தேடி மேசை இழுப்பறையைத் திறந்தாள். பழைய துணியில் சுற்றி அவனுடைய மவுத்பீஸ் கிடந்தது. டிரம்பெட்டின் முனையில் செருகி, உதட்டில் வைத்து ஊதுகிற அந்தச் சின்னக் கிண்ணம்தான். டிரம்பெட்டை விற்றவன் இதை மட்டும் விற்காமல் வைத்திருந்திருக்கிறான். அவள் அதை வாயில் வைத்து ஊதினாள். புஸ்ஸென்று காற்று வந்தது. ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த என் தம்பி சடாரென்று திரும்பினான்.

"அப்படி இல்லடா கண்ணு. உதட்டை ஒட்டி வெச்சுக்கோ. தேனீ மாதிரி அதிரணும்."

அன்றைக்கு நான் பேச வேண்டியிருக்கவே இல்லை. அவர்கள் இரண்டு பேரும் உதட்டை அதிரவைத்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். கீழே சைக்கிள் கடைக்காரர், மேலே ஏதாவது மோட்டார் ரிப்பேரா என்று கேட்டார். சுண்டு மவுத்பீஸைக் கையோடு கொண்டுபோனாள். அதற்கப்புறம் அவள் எங்கே போனாலும் அது சட்டைப் பையில் போனது. பஸ்ஸில் வரும்போதுகூட ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டை அதிரவைப்பாள். அந்த ஒரு மாதம் என் தம்பி முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்தேன். போன பிள்ளை திரும்பி வந்துவிட்டது போல அவன் நடந்துகொண்டான்.

அதனால், டிரம்பெட் வாங்கப் போகலாம் என்று அவன் சொன்னபோது நானும் கூடவே கிளம்பினேன்.

மூக்குக் கண்ணாடிக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒடுங்கி நின்ற கடை அது. சுவர் முழுக்கக் கருவிகள் தொங்கின. மேசையில் பச்சைக் கம்பளித் துணி விரித்திருந்தது. முதலாளி வெளியே போயிருந்தார். காதில் பென்சில் செருகிய ஒரு பெண்தான் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதிதாகக் கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு என்றதும் அவள் முதலில் சுண்டுவின் கையைத்தான் பார்த்தாள்.

"விரலைக் காட்டும்மா. வளையம் எட்டுதான்னு பாக்கணும். வெயிட்டும் முக்கியம் சார், கை வலிச்சா பிள்ளைங்க விட்டுருவாங்க. வால்வு மெதுவா அமுக்கினாலே இறங்கி, தானா ஏறணும்."

"அதெல்லாம் நீங்களே பாத்து மூணு எடுத்து வைங்கம்மா. நான் பாக்கப் போறதில்ல. கேக்கப் போறேன்" என்றான் என் தம்பி. நாற்காலியைத் தூக்கி, தெருப்பக்க ஜன்னலைப் பார்த்துப் போட்டுக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டான். "சுண்டு, நீ ஒவ்வொண்ணா ஊது. எதை ஊதுறேன்னு சொல்லாதே. பளபளப்பைப் பாத்து அப்பா ஏமாறக் கூடாது."

கடைப்பெண் என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன். தர்பூசணிக் கதையை அவளிடம் எப்படிச் சொல்வது?

முதலாவது பழையது. யாரோ வைத்திருந்து விற்றது. கை படுகிற இடத்தில் மேல்பூச்சு போயிருந்தது. வளைவில் ஒரு சின்ன நசுங்கல் இருந்தது. ஆனால் கைக்கு லேசாக இருந்தது. விரலுக்கான வளையத்தைக் கடைப்பெண் நகர்த்தி வைத்ததும் சுண்டுவின் விரல் சுலபமாக உள்ளே போனது. சுண்டு தன் சட்டைப் பையிலிருந்து மவுத்பீஸை எடுத்துச் செருகி ஊதினாள். முதலில் காற்று. இன்னொரு முறை ஊதினாள். சத்தம் வந்தது. உடைந்து, இருமி, அப்புறம் ஒரே நேராக நின்றது. அவள் கண்கள் விரிந்தன. ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தாள், கடைப்பெண்ணைப் பார்த்தாள், பிறகு அப்பாவின் முதுகைப் பார்த்தாள்.

"தகர டப்பா. அடுத்தது" என்றது முதுகு.

சுண்டு அதை மெல்லக் கம்பளி மேல் வைத்தாள். வைத்த பிறகும் ஒரு விரல் அதன் மேலேயே இருந்தது. கடைப்பெண், "சார், இது கத்துக்கிறவங்களுக்கு..." என்று ஆரம்பித்தாள். அவன் கையை ஆட்டிப் பேச்சை வெட்டினான். இரண்டாவதை ஊதினாள். அது மூக்கால் பேசுகிறதாம். வேண்டாம் என்றான்.

மூன்றாவது, வளர்ந்த ஆட்கள் வாசிக்கிறது. வெள்ளிப் பூச்சு, நல்ல கனம். சுண்டு தூக்கிப் பிடித்தாள், முழங்கை நடுங்கியது. வளையம் எட்டவில்லை. ஊதினாள், வெறும் காற்று. மறுபடியும் காற்று.

"கன்னத்தை உப்பாதே!" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினான் தம்பி. "தோளை இறக்கு! அடிவயித்துலேர்ந்து ஊது!"

பிள்ளை பயந்துபோய் நின்றாள். கடைப்பெண்ணுக்கு இரக்கம் வந்துவிட்டது. கருவியை அவள் கையிலிருந்து வாங்கி, தன் ஏப்ரன் பையிலிருந்த மவுத்பீஸை மாற்றிச் செருகி, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டுவதற்காக ஒரே ஒரு சுரத்தை நீளமாக ஊதினாள். பெரிய வித்தை எதுவும் காட்டவில்லை. ஒற்றைச் சத்தம்தான். கடை நிறைந்துபோனது.

ஜன்னலோரம் கை உயர்ந்தது.

"இது! இதுதான்! அக்கா, கேட்டியா? வயித்துலேர்ந்து ஊதுன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன், எப்படி வந்துச்சு பாத்தியா!"

கடைப்பெண் பதறிப்போய் டிரம்பெட்டைச் சுண்டுவின் கையிலேயே திணித்துவிட்டாள். அவன் திரும்பியபோது மகள் வெள்ளி டிரம்பெட்டோடு நின்றிருந்தாள். அவன் கண்கள் கலங்கியிருந்தன. ஆபரேஷன் அன்றுகூட அழாதவன். "என் உதடு உனக்கு வந்திருக்குடா கண்ணு" என்று மகளை இழுத்து அணைத்துக்கொண்டான்.

"டேய் ஊதல், அது வந்து..." என்று நான் வாயைத் திறந்தேன்.

"நீ சும்மா இருக்கா. உனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஹாரன் சத்தம்தான்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சொல்லத்தான் போனேன். சுண்டு அப்பாவின் கைக்குள் இருந்தபடியே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வேண்டாம் அத்தை என்கிற ஆட்டல் அது. அவன் அவளைக் கட்டிப் பிடித்து எத்தனை காலம் ஆகியிருந்ததோ. அந்த அணைப்பைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

அடுத்தவன் பிள்ளை விஷயமாக இருந்தால் அவன் நொடியில் கண்டுபிடித்திருப்பான். இத்தனை வருடம் அந்தத் தொழிலில் இருந்தவனுக்கு, நேற்று மவுத்பீஸ் பிடித்த பிள்ளைக்கு அப்படி ஒரு சத்தம் வராது என்று தெரியாதா? தெரியும். தன் பிள்ளை என்றதும் காது ஆசையின் பக்கம் சாய்ந்துவிட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் பேசினான். சுண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். உதட்டை அதிரவைக்கவில்லை.

அதற்கப்புறம் வந்த சனிக்கிழமைகள் எல்லாம் அந்த டிரம்பெட்டோடுதான் போயின. சுண்டு பாவம், உண்மையாகவே முயற்சி செய்தாள். அம்மா வீட்டிலும் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை விழித்திருக்கிற நேரமாகப் பார்த்து ஊதினாளாம். மேல் பல் பதிந்து உதட்டின் உள்பக்கம் புண்ணாகியிருந்தது. இங்கே வந்து அந்தக் கனத்தைத் தூக்கிப் பிடிப்பாள். காற்றும் கீச்சுச் சத்தமும் வரும். எப்போதாவது ஒரு சுரம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும்.

"கடையில வந்த சத்தம் எங்க போச்சு?" என்பான் தம்பி. கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டான். அதுதான் கொடுமை. "அன்னிக்கு ஊதினியே, அப்படி ஊது. அதே மாதிரி."

மகளைத் திட்ட அவனுக்கு மனசு வராது. அதனால் மற்ற எல்லாவற்றையும் திட்டினான். வால்வுக்கு எண்ணெய் மாற்றினான். வெந்நீரில் சோப்புப் போட்டுக் கருவியைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போலக் கழுவினான். அறையில் ஈரம் என்றான். அவள் அம்மா வீட்டில் திரைச்சீலை அதிகம், அது சத்தத்தைக் குடித்துவிடுகிறது, பிள்ளையின் காது கெட்டுப்போகிறது என்றான். ஒருநாள் பொறுக்க முடியாமல் நான் சுண்டுவிடம் தனியாகக் கேட்டேன்.

"சொல்லிடலாமாடி? நானே சொல்றேன்."

"வேண்டாம் அத்தை. எனக்கு வந்துரும். வந்ததுக்கு அப்புறம் சொன்னா, அவருக்குக் கஷ்டமா இருக்காதுல்ல."

அந்தப் பிள்ளை, தான் ஊதாத ஒரு சத்தத்தைத் துரத்திக்கொண்டு ஓடியது. அதை எட்டிப் பிடித்துவிட்டால் அப்பா ஏமாந்தது ஏமாற்றமே இல்லை என்று ஆகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தது. இந்த வயதில் இவ்வளவு பெரிய கணக்கு எதற்கு? எனக்கு அவன் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

கடைசியில் அவன் கருவியைத்தான் குற்றவாளியாக்கினான். "பீஸ்ல ஏதோ கோளாறு. எங்கயோ காத்து கசியுது. வாங்க, கடைக்குப் போய் ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்" என்று கிளம்பினான். சுண்டு முகம் வெளுத்துப்போனது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இனிமேல் நடப்பது நடக்கட்டும் என்று இருந்தது எனக்கு.

அதே கடைப்பெண்தான் இருந்தாள். அவன் பெட்டியைப் பச்சைத் துணி மேல் வைத்துத் திறந்தான்.

"என்னம்மா கொடுத்தீங்க? அன்னிக்கு இதே இடத்துல என் பொண்ணு ஊதினப்ப எப்படி இருந்துச்சு! இப்ப அந்தச் சத்தமே வரல."

அவள் சுண்டுவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நாங்கள் சொல்லியிருப்போம் என்று நினைத்திருந்தாள் போலிருக்கிறது. வால்வுகளை அமுக்கிப் பார்த்தாள், ஸ்லைடுக் குழாயை இழுத்துப் பார்த்தாள். பிறகு தன் மவுத்பீஸைச் செருகி, அன்றைக்குப் போலவே ஒரு சுரத்தை நீளமாக ஊதினாள்.

இந்த முறை என் தம்பி எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதே சத்தம்தானே சார்?" என்றாள் அவள் மெதுவாக. "அன்னிக்கும் நான்தான் ஊதினேன். பாப்பாவுக்குப் பிடிக்கச் சொல்லித்தரத்தான் கையிலேர்ந்து வாங்கினேன். நீங்க அதுக்குள்ள..."

அவன் உதட்டின் நல்ல பக்கம் மட்டும் துடித்தது. மறுபக்கம் அப்படியே இருந்தது. சுண்டு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், திருடி மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி. அதைப் பார்த்ததும் எனக்கு அங்கேயே அவனை ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

"அப்ப உனக்கு எதுல நல்லா வந்துச்சு?" என்றான் மகளிடம்.

"முதல்ல ஊதினதுலப்பா" என்றாள் சுண்டு. "தகர டப்பான்னு சொன்னீங்களே, அதுல."

அவன் சுவரையும் மேசையையும் பார்த்தான். கடைப்பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. "அது அந்த வாரமே போயிருச்சு சார். ஒருத்தங்க பிள்ளைக்கு வாங்கிட்டுப் போயிட்டாங்க. ஆரம்பிக்கிறவங்களுக்கு ரொம்ப சௌகரியமான பீஸ்."

"வேற பாக்கலாம்" என்றான் தம்பி அவசரமாக. "அதே மாதிரி லேசா ஒண்ணு. சுண்டு, நீயே எடு. நீ ஊது, நான் இங்கயே நிக்கிறேன். உன்னைப் பாத்துக்கிட்டே நிக்கிறேன்."

"இன்னிக்கு வேண்டாம்பா."

"சரி, அடுத்த வாரம்?"

செருப்பின் வாரைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டாள்.

அன்று மாலை அவளை அம்மா வீட்டில் விடக் கிளம்பும்போது, சட்டைப் பையிலிருந்து மவுத்பீஸை எடுத்து மேசை மேல் வைத்தாள். வீம்பாக வைக்கவில்லை, எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கிற மாதிரிதான் வைத்தாள். "இது உங்களோடதுப்பா. தொலைச்சிருவேன்னு பயமா இருக்கு" என்றாள். இத்தனை மாதம் தொலைக்காதவள்.

இப்போதும் சனிக்கிழமைகளில் வருகிறாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன்பா. படிக்கிறியா, படிக்கிறேன்பா. வெள்ளி டிரம்பெட் கட்டிலுக்கு அடியில் பெட்டிக்குள் கிடக்கிறது. மவுத்பீஸ் இழுப்பறையில் இருக்கிறது. அவன் அதைத் துணியில் சுற்றாமல், இழுப்பறையைத் திறந்தால் கண்ணில் படுகிற மாதிரி வைத்திருக்கிறான். அவள் கட்டர் எடுக்கிறாள், பென்சிலைச் சீவுகிறாள், இழுப்பறையை மூடிவிடுகிறாள். நான் மறுபடியும் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் சுண்டு கீழே சைக்கிள் கடையில் காற்றடிப்பதை வேடிக்கை பார்க்கப் போயிருந்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தம்பி துணியோடு பக்கத்தில் வந்து நின்று, கழுவிய தட்டை வாங்கித் துடைத்தான்.

"அக்கா, அந்த முதல் சத்தம் எப்படி இருந்துச்சு? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறேன். எத்தனையோ பேர் வாசிச்சது இன்னும் காதுல நிக்குது. இது மட்டும் ஞாபகமே வரல."

"எனக்கும் சத்தம் ஞாபகம் இல்லடா. நான் ஹாரன்காரி" என்றேன். "அவ முகம்தான் ஞாபகம் இருக்கு."

துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டு நின்றான். பிறகு கேட்டான்.

"முகம் எப்படிக்கா இருந்துச்சு?"

சொன்னேன். கண் விரிந்ததை, என்னைப் பார்த்ததை, கடைப்பெண்ணைப் பார்த்ததை. அதற்கப்புறம் அவள் எங்கே பார்த்தாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.